எடை மேடை மென்பொருள்: எக்செப்ஷனை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது?

கிழங்குலாரி | வெள்ளி, இரவு 9.10

வணக்கம். ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு எடை மேடை மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். பைத்தானில் எழுதியது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், என் கையில் கோடு (அவர் எழுதிய புரோகிராம் வரிகள்) மட்டும்தான் இருக்கிறது.

வேலை எளிது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி மேடையில் ஏறும், மொத்த எடை பதிவாகும். கிழங்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்ப ஏறும், காலி எடை பதிவாகும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிழங்கு எடை. அதற்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போட்டு ரசீது வரும்.

இந்த வாரம் ஒரு ரசீதில் நிகர எடை 24,350 கிலோ என்று வந்திருக்கிறது. காலி எடை பூஜ்யம். அதாவது லாரியின் இரும்பையும் கிழங்கு விலைக்கு வாங்கப் பார்த்திருக்கிறோம். கணக்குப்பிள்ளை கண்ணில் பட்டதால் பணம் போகவில்லை.

கோடில் இதுதான் இருக்கிறது: ரசீது_போடு என்ற ஃபங்ஷன் நிகர_எடை-யை அழைக்கிறது. அது எடை_வாங்கு-வை அழைக்கிறது. எடை_வாங்கு சீரியல் போர்ட்டிலிருந்து (மேடையின் கேபிள் வந்து சேரும் இடம்) ஒரு வரி படித்து அதை எண்ணாக மாற்றுகிறது. மொத்தத்தையும் ஒரு டிரை-க்குள் போட்டு, அடியில் வெறும் எக்செப்ட், அதற்குள் ரிட்டர்ன் 0. அதாவது உள்ளே எந்தப் பிழை (எக்செப்ஷன்) எழுந்தாலும் பிடித்துக்கொண்டு பூஜ்யத்தைத் திருப்பிவிடும்.

அந்த டிரை-எக்செப்டை எடுத்துப் பார்த்தேன். இப்போது பிழை வந்தால் திரையே மூடிக்கொள்கிறது. மேலாளர், "பழையதே தேவலை, மூடவாவது மூடாது" என்கிறார். வெளியே ஏழெட்டு லாரி நிற்கும்போது அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஐந்துரோடு | வெள்ளி, இரவு 9.22

பூஜ்யம் திருப்பியவரைக் கூட்டி வந்து அந்த மேடையில் நிற்க வையுங்கள்.

தட்டுவடை | வெள்ளி, இரவு 9.31

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பிழை நடந்தது எடை_வாங்கு-வில். அது ஒரு சின்ன ஃபங்ஷன். அதற்கு ஏன் மொத்த புரோகிராமும் சாக வேண்டும்? அந்த ஒரு ஃபங்ஷனோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

குகைவாசி | வெள்ளி, இரவு 10.05

தம்பி, நல்ல கேள்வி. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மேலே கேட்டவருக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது அதற்கென்று கால் ஸ்டாக்கில் (ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் அடுக்கு) ஒரு ஃபிரேம் ஏறுகிறது. அதன் லோக்கல் வேரியபிள்கள், முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற தகவல் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் கணக்கில் அடியில் மெயின், அதன் மேல் ரசீது_போடு, அதன் மேல் நிகர_எடை, உச்சியில் எடை_வாங்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் உச்சியில் இருப்பது ஒரு மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கும், அழைத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

எக்செப்ஷன் வந்தால் மதிப்பும் வராது, விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் கிடையாது. "இந்த வரி ஏதாவது டிரை-க்குள் இருக்கிறதா? இருந்தால் அதன் எக்செப்ட் இந்த வகைப் பிழைக்குப் பொருந்துமா?" என்று பைத்தான் பார்க்கும். இல்லை என்றால் ஃபைனலி (பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் பகுதி) இருந்தால் அதை ஓட்டிவிட்டு அந்த ஃபிரேமை விட்டு வெளியேறும். அடுத்து நிகர_எடை. அங்கே எடை_வாங்கு-வை அழைத்த வரியிலேயே பிழை வெடித்தது போலத்தான் கணக்கு. அதே கேள்வி, அதே பதில். இப்படியே ரசீது_போடு, மெயின். (ஸ்டாக்கைப் படமாக வரைந்தால் இறங்குகிறது, பேச்சில் மட்டும் "மேலே போகிறது" என்கிறோம், குழம்பாதே.) மெயினிலும் பிடிப்பார் இல்லை என்றால் இன்டர்பிரெட்டர் டிரேஸ்பேக்கை (பிழை கடந்து வந்த ஃபங்ஷன்களின் பட்டியல்) அச்சடித்துவிட்டு, எக்ஸிட் கோடு 1 கொடுத்து முடித்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது இதுதான். நிகர_எடை-யில் கழித்தல் வரி ஒன்று இருக்கிறதே, அது ஓடவே இல்லை. ரசீது அச்சாகும் வரியும் ஓடவில்லை. காலி எடை தெரியாதபோது எந்த எண்ணும் வெளியே போகக் கூடாது, போகவில்லை. "அந்த ஒரு ஃபங்ஷனோடு நிறுத்துவது" என்றால் அது அழைத்தவருக்கு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். எதைக் கொடுப்பாய்? முன்பு இருந்தவர் பூஜ்யத்தைக் கொடுத்தார்.

தட்டுவடை | வெள்ளி, இரவு 10.11

புரிந்தது அண்ணா. எங்கள் லேபில் எல்லாப் பயிற்சியிலும் டிரை-எக்செப்ட் போட்டால் கூடுதல் மார்க். அதனால்தான் கேட்டேன்.

குகைவாசி | வெள்ளி, இரவு 10.13

அந்த மார்க்கில்தான் 24,350 கிலோ.

அஸ்தம்பட்டி | வெள்ளி, இரவு 10.40

வெறும் எக்செப்ட் இன்னொரு வகையிலும் ஆபத்து. அது வேல்யூ எரரை (எண்ணாக மாற்ற முடியாத எழுத்து வந்தால் எழும் பிழை) மட்டும் பிடிப்பதில்லை. கீபோர்டு இன்டரப்ட், சிஸ்டம் எக்ஸிட் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அவை எல்லாப் பிழை வகைகளுக்கும் மூலமான பேஸ் எக்செப்ஷனிலிருந்து நேராக வருபவை. "எக்செப்ட் எக்செப்ஷன்" என்று எழுதினால் மாட்டாது, வெறும் எக்செப்ட் போட்டால் மாட்டும். கன்ட்ரோல் சி அழுத்தியும் நிற்காத புரோகிராம்களில் பல இந்த வகைதான். வேரியபிள் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் வரும் நேம் எரரும் உள்ளேயே அமுங்கிவிடும். சோதனையில் பச்சை விளக்கு, ரசீதில் பூஜ்யம்.

தாலுகா ஆபீசில் மனுவை வாங்கி, மேசைக்குள் போட்டுவிட்டு "பார்க்கிறோம், போங்க" என்று அனுப்பும் குமாஸ்தாதான் எக்செப்ட்-பாஸ் (பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது). தாசில்தாருக்கு மனு வந்ததே தெரியாது, மனு கொடுத்தவர் வேலை நடக்கிறது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கிழங்குலாரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு பிழையைப் பிடிக்கும் இடத்தில் அதை வைத்து ஏதாவது செய்ய முடிய வேண்டும். எடை_வாங்கு-வால் என்ன செய்ய முடியும்? இன்னும் இரண்டு முறை படித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிகர_எடை-யால் ஒன்றும் முடியாது, அது கழிக்கத் தெரிந்த ஃபங்ஷன். ரசீது_போடு-வுக்கும் வழியில்லை. யாரால் முடியும்? மேடை அருகே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரால். வண்டியை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்ல அவரால்தான் முடியும். அவரிடம் பேசும் இடம் எது? பட்டனை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷன். அங்கே பிடியுங்கள். "எடை வரவில்லை, மறுபடி ஏற்றவும்" என்று சிவப்பில் காட்டிவிட்டு, அடுத்த பட்டனுக்குக் காத்திருங்கள். ரசீது வராது, திரையும் மூடாது. உங்கள் மேலாளரும் கணக்குப்பிள்ளையும் ஒரே நேரத்தில் சரியாகிவிடுவார்கள்.

ஐந்துரோடு | வெள்ளி, இரவு 10.58

இந்தப் பாடு எதற்கு? கோ மொழியில் எழுதுங்கள். பிழை என்பதும் ஒரு மதிப்புதான். எடையும் எரரும் சேர்ந்தே திரும்பி வரும். அழைத்த இடத்திலேயே "எரர் நில் இல்லையா?" (அதாவது பிழை ஏதும் வந்ததா?) என்று பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் நாலு ஃபங்ஷன் தாண்டிக் குதிக்கிற வேலையே இல்லை.

குகைவாசி | வெள்ளி, இரவு 11.20

அங்கேயும் எரர் வருகிற இடத்தில் ஓர் அடிக்கோடு (இந்த மதிப்பு வேண்டாம் என்ற குறி) போட்டுவிட்டுப் போகலாம், கம்பைலர் ஒன்றும் சொல்லாது. எடைக்குப் பூஜ்ய மதிப்பு தானாகவே வந்து நிற்கும். அதே ரசீதுதான்.

அப்புறம் கோ-விலும் பேனிக் என்று எக்செப்ஷன் போன்ற ஒன்று இருக்கிறது. நில் பாயின்டரைத் தொட்டால் பேனிக், அதுவும் ஸ்டாக்கில் இப்படியேதான் ஏறும். வழியில் டிஃபர்-இல் (ஃபங்ஷன் முடியும்போது ஓடுவதற்கென்று) போட்ட ஃபங்ஷன்களை ஓட்டிக்கொண்டே போகும், அவற்றில் ஒன்று ரிகவர் அழைத்தால் நிற்கும். பேனிக் எழுந்த எந்த ஒரு கோ-ரூட்டினில் (கூடவே தனியாக ஓடும் வேலை) ரிகவர் இல்லாமல் போனாலும் மொத்த புராசஸும் எக்ஸிட் கோடு 2-ஓடு போய்விடும். மெயினில் போட்ட ரிகவர் இன்னொரு கோ-ரூட்டினின் பேனிக்கைப் பிடிக்காது.

ஐந்துரோடு | வெள்ளி, இரவு 11.24

கடைசி வரியை மறுக்க மாட்டேன், போன மாதம் ஒரு சர்வர் அப்படித்தான் போனது. ஆனால் அடிக்கோடு போட்டால் அது கண்ணில் படும். கோடு ரிவ்யூவில் பிடித்துவிடலாம். எக்செப்ட்-ஐ மறந்தது கண்ணில் படாது. அந்த வித்தியாசம் சின்னதில்லை.

அஸ்தம்பட்டி | வெள்ளி, இரவு 11.41

அது உண்மை. எழுபதுகளில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய க்ளூ மொழியில் இதற்கு ஒரு நடுவழி இருந்தது. அங்கே எக்செப்ஷன் ஒரு படிதான் ஏறும். நேராக அழைத்தவர் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அது அதே பெயரில் மேலே போகாது, "ஃபெயிலியர்" என்ற பொதுப் பிழையாக மாறித்தான் போகும். காரணம் எளிது. ரசீது_போடு எழுதியவருக்கு உள்ளே சீரியல் போர்ட் இருப்பதே தெரிய வேண்டியதில்லை, அதன் பிழைகள் பெயரோடு அவரிடம் வந்து விழுவது சரியில்லை.

பைத்தானில் இதை நாமே செய்துகொள்ளலாம். எடை_வாங்கு-வில் வேல்யூ எரரைப் பிடித்து, எடைப்_பிழை என்று நாமே வைத்த வகையில் "ரெய்ஸ் ... ஃபிரம்" போட்டு அனுப்புங்கள். மேலே இருப்பவருக்கு எடை வரவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஃபிரம் போட்டிருப்பதால் மூலப் பிழையும் டிரேஸ்பேக்கில் கூடவே வரும். ஜாவாவில் "காஸ்டு பை" என்று வருகிறதே, அதே சங்கதி. சி ஷார்ப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடித்ததை மறுபடி வீசும்போது வெறும் "த்ரோ" போடுங்கள். "த்ரோ" பக்கத்தில் வேரியபிள் பெயரைப் போட்டால் ஸ்டாக் டிரேஸ் அந்த வரியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும், உண்மையில் எங்கே உடைந்தது என்பது போய்விடும்.

மலைக்காபி | சனி, காலை 6.50

ஏற்காட்டில் இரவு முழுக்க மழை, கரண்ட் வந்து வந்து போனது, இப்போதுதான் எல்லாம் படித்தேன்.

எல்லோரும் ஒரே ஸ்டாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மென்பொருளில் த்ரெட் (மெயினோடு கூடவே தனியாக ஓடும் வேலை) ஏதும் இருக்கிறதா? ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக் தனி. அதில் எழும் பிழை அந்த ஸ்டாக்கின் முனை வரைதான் போகும். த்ரெட்டைத் தொடங்கி வைத்த ஃபங்ஷனுக்கு வராது, அது அப்போதே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

பைத்தானில் த்ரெட் ஒன்று பிழையில் செத்தால் டிரேஸ்பேக் எஸ்டிடி எரரில் (பிழைச் செய்திகள் வெளியே போகும் வழி) அச்சாகும், மெயின் பாட்டுக்கு ஓடும். விண்டோஸில் பைத்தான்டபிள்யூ கொண்டு கன்சோல் இல்லாமல் ஓட்டினால் எஸ்டிடி எரரே கிடையாது. அச்சடிக்க இடமில்லை, ஒரு சத்தமும் வராது. இதற்குத்தான் பைத்தான் 3.8-இல் த்ரெடிங் டாட் எக்செப்ட்ஹுக் கொடுத்தார்கள். அதில் உங்கள் ஃபங்ஷனை மாட்டி லாக் ஃபைலுக்கு (நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைல்) எழுதலாம். மெயினுக்கு சிஸ் டாட் எக்செப்ட்ஹுக், இது தனி. ஒன்றை மாட்டினால் இன்னொன்றும் ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

த்ரெட் பூல் (கொடுக்கும் வேலைகளை ஓட்டித் தரும் த்ரெட் கூட்டம்) இன்னும் மோசம். சப்மிட் செய்த வேலையில் பிழை வந்தால் அது ஃபியூச்சருக்குள் (விடை பின்னால் வந்து சேரும் பெட்டி) போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது ரிசல்ட் கேட்டால்தான் வெளியே வரும். கேட்க ஆள் இல்லை என்றால் எக்செப்ட்ஹுக்கும் உதவாது. ஜாவாவில் ஷெட்யூல் அட் ஃபிக்ஸ்டு ரேட் என்று ஒன்று, ஒரு வேலையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட்டும்: ஒரு முறை எக்செப்ஷன் தப்பி வெளியே வந்தால் அந்த வேலையை அதற்குப் பிறகு ஓட்டவே ஓட்டாது. ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, படித்தவர் குறைவு.

கிழங்குலாரி | சனி, காலை 8.15

மலைக்காபி அண்ணா, நீங்கள் ஜோசியம் எதுவும் பார்க்கிறீர்களா? விவசாயிகளுக்கு எடை, பாயிண்ட், தொகையை எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு த்ரெட் இருக்கிறது. பைத்தான்டபிள்யூதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் எஸ்எம்எஸ் போகும், அப்புறம் நின்றுவிடும். "நெட் சரியில்லை" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்கள். இன்று எக்செப்ட்ஹுக்கை மாட்டிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டி அக்கா சொன்னபடி பட்டன் ஃபங்ஷனில் பிடிக்கிறேன். ஒரு சந்தேகம், ஒவ்வொரு படியிலும் பிடித்து லாக் எழுதிவிட்டு மறுபடி ரெய்ஸ் செய்தால் நல்லதுதானே?

அஸ்தம்பட்டி | சனி, காலை 8.40

வேண்டாம். ஒரே பிழை லாகில் நாலு முறை வரும். நாலு பிழை என்று நினைத்துத் தேடுவீர்கள். யார் கடைசியாகக் கையாள்கிறாரோ அவர் ஒருவர் எழுதினால் போதும்.

பைத்தானில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜாவாவில் எக்செப்ஷன் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே மொத்த ஸ்டாக்கும் அதில் பதிவாகிவிடுகிறது, எங்கே பிடித்தாலும் மெயின் வரை தெரியும். பைத்தானில் அப்படி இல்லை. பிழை ஒவ்வொரு ஃபிரேமைக் கடக்கும்போதுதான் டிரேஸ்பேக்கில் அந்த ஃபிரேம் சேர்கிறது. எடை_வாங்கு-விலேயே பிடித்து எழுதினால் எடை_வாங்கு மட்டும்தான் லாகில் இருக்கும். அதை அழைத்தது மொத்த எடைக்கா, காலி எடைக்கா என்று தெரியாது. பட்டன் வரை விட்டுப் பிடித்தால் வழி முழுக்கத் தெரியும்.

படிக்கும் திசையும் வேறு. பைத்தானில் உடைந்த இடம் கடைசியில், ஜாவாவில் முதலில். புதிதாக வருபவர்கள் முதல் வரியைப் பார்த்துவிட்டு "மெயினில் பிழை" என்பார்கள்.

குகைவாசி | சனி, காலை 9.30

நான் மேலே சொன்னது பைத்தானுக்கு. சி பிளஸ் பிளஸ் ஆட்கள் இதைப் படித்துவிட்டு அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லினக்ஸில் ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் இதை இரண்டு சுற்றாகச் செய்கின்றன. முதல் சுற்றில் ஒரு ஃபிரேமையும் தொடாமல், பொருத்தமான கேட்ச் (அங்கே எக்செப்டுக்குப் பெயர்) எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு மட்டும் போகும். கிடைத்தால்தான் இரண்டாம் சுற்று, அதில் ஒவ்வொரு ஃபிரேமாக டிஸ்ட்ரக்டர்களை (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் துப்புரவு ஃபங்ஷன்கள்) ஓட்டிக் கலைத்துக்கொண்டு வரும். கிடைக்கவில்லை என்றால் டெர்மினேட், அதிலிருந்து அபார்ட், அதாவது புரோகிராம் அங்கேயே நிற்கும். யாரும் பிடிக்காதபோது ஸ்டாக்கைக் கலைப்பதா வேண்டாமா என்பதைக் கம்பைலர் விருப்பத்துக்கே தரநிலை விட்டிருக்கிறது.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. யாரும் பிடிக்காத பிழையில் ஸ்டாக் கலையாமல் அப்படியே கோர் டம்ப் (நினைவகத்தின் நகல் ஃபைல்) ஆகும், டீபக்கரில் திறந்தால் வீசிய வரியிலேயே நிற்கலாம். மெயினில் "எல்லாம் பிடி" என்று ஒரு கேட்ச் போட்டுவைத்தால் அது போச்சு. நஷ்டமும் இருக்கிறது, டிஸ்ட்ரக்டர் ஓடாததால் பாதி எழுதிய ஃபைல் பாதியிலேயே நிற்கும்.

ஐந்துரோடு | சனி, காலை 10.02

எல்லாரும் "மேலே விடு, மேலே விடு" என்கிறீர்கள். ஏரியான் 5 ராக்கெட் வெடித்ததே மேலே விட்டதால்தானே?

குகைவாசி | சனி, காலை 10.50

அந்தக் கதையைப் பாதியாகச் சொல்லாதே. 1996 ஜூன் 4. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் ஃப்ளோட் மதிப்பை 16 பிட் இன்டிஜராக மாற்றும்போது கொள்ளவில்லை, ஏடா மொழியில் எக்செப்ஷன் எழுந்தது. அந்த மாதிரி உடையக்கூடிய மாறிகள் ஏழு இருந்தன, நாலுக்குப் பாதுகாப்பு போட்டார்கள், மூன்றை விட்டார்கள். ஏரியான் 4-இன் பறக்கும் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாகாது என்ற கணக்கில் விட்டது. ராக்கெட் மாறியது, கோடு மாறவில்லை.

பிழை மேலே போனதும் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்: அந்தக் கணக்கைப் போட்ட கம்ப்யூட்டரை நிறுத்து, மாற்றுக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஹார்டுவேர் பழுது என்றால் நல்ல ஏற்பாடு. ஆனால் மாற்றிலும் அதே கோடு. அது 72 மில்லிசெகண்டுக்கு முன்பே அதே இடத்தில் விழுந்திருந்தது. நின்ற கம்ப்யூட்டர் அனுப்பிய டயக்னாஸ்டிக் பிட்டுகளைப் பறக்கும் தகவல் என்று எண்ணி மெயின் கம்ப்யூட்டர் நாசிலை (எஞ்சினின் வாய்) திருப்பியது. இதில் இன்னொரு வேதனை, அந்தக் கணக்கு தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ராக்கெட்டுக்குத் தேவையே இல்லை.

ஆக மேலே விட்டது தவறில்லை. மேலே இருந்த கையாளர் போட்ட முடிவு தவறு. அதோடு பிழைச் செய்தியை எண்ணாக வாசித்தார்களே, அது இங்கே பூஜ்யத்தை எடையாக வாசித்ததற்குச் சொந்தக்காரன்.

தட்டுவடை | சனி, பகல் 12.15

ஃபைனலிக்குள் ரிட்டர்ன் போட்டால் என்ன ஆகும் என்று முயன்று பார்த்தேன். எக்செப்ஷனே காணாமல் போய்விட்டது! எக்செப்ட் எதுவும் எழுதவில்லை.

மலைக்காபி | சனி, பகல் 12.30

ஆமாம். ஏறிக்கொண்டிருந்த பிழையை அந்த ரிட்டர்ன் தூக்கி எறிந்துவிடும். ஜாவாவிலும் அப்படியே. பைத்தான் 3.14-லிருந்து இதற்கு சின்டாக்ஸ் வார்னிங் வருகிறது. ஃபைனலியில் போர்ட்டை மூடு, ஃபைலை மூடு, அதோடு நிறுத்து.

கிழங்குலாரி | செவ்வாய், இரவு 8.45

அப்டேட். பட்டன் ஃபங்ஷனில் எடைப்_பிழையை மட்டும் பிடிக்கிறேன். வேறு எந்தப் பிழையும் அதைத் தாண்டிப் போய் லாகில் எழுதப்பட்டு, திரை மூடி, தானாகத் திரும்பத் திறக்கும். ஆபரேட்டர் அண்ணன் முதல் நாள் முணுமுணுத்தார், இப்போது சிவப்பு வந்தால் அவரே வண்டியை இறக்கி ஏற்றச் சொல்கிறார். எஸ்எம்எஸ் த்ரெட் செத்ததும் லாகில் வந்தது: டைம்அவுட். அதற்கு லூப்புக்குள் அந்த ஒரு பிழையை மட்டும் பிடித்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும்படி செய்துவிட்டேன்.

லாகைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, எடைப் பிழை ஒன்றில்லை, இரண்டு. ஒரு வகையில் இன்ட்-க்கு (எழுத்தை எண்ணாக மாற்றும் ஃபங்ஷன்) போன ஸ்டிரிங் காலி. எங்கள் இண்டிகேட்டர் (மேடையின் எடையைக் காட்டும் கருவி) எடை அசையாமல் நின்றால்தான் வரி அனுப்பும். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் நின்றால் மேடை அதிர்ந்துகொண்டே இருக்கும், ரீட் டைம்அவுட் ஆகி ஒன்றுமில்லாமல் திரும்பும். இன்னொரு வகை யூனிகோட் டீகோட் எரர், குப்பை எழுத்துகள். நேரத்தைப் பார்த்தால் எல்லாம் அரவை மோட்டார் போடும் சமயம். சீரியல் கேபிள் மோட்டார் லைனோடு ஒரே பைப்பில் போகிறது. "இன்ஜினை அணைக்கவும்" என்று போர்டு எழுதி வைத்தாகிவிட்டது. கேபிளை மாற்ற எலெக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார்.

அஸ்தம்பட்டி | செவ்வாய், இரவு 9.05

யூனிகோட் டீகோட் எரர் வேல்யூ எரரின் துணை வகை. எக்செப்ட் வரிசையில் வேல்யூ எரரை முதலில் வைத்தால் இரண்டும் அங்கேயே மாட்டி ஒன்றாகிவிடும். டீகோட் எரரை மேலே வையுங்கள். ஆபரேட்டருக்குச் சொல்லும் வாசகமும் இரண்டுக்கும் வேறு, ஒன்றுக்கு இன்ஜினை அணைக்கச் சொல்ல வேண்டும், இன்னொன்றுக்கு உங்களைக் கூப்பிட வேண்டும்.

கிழங்குலாரி | செவ்வாய், இரவு 9.12

மாற்றிவிட்டேன் அக்கா. என் நம்பரையே அந்த வாசகத்தில் போட்டுவிட்டேன், ராத்திரி ஷிஃப்டிலும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது.